சருகு தலைகீழாகத்தான் உட்காரும்

எங்கள் துப்பறியும் ஆபீஸ் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கு மேல்மாடியில் இருக்கிறது. யார் வந்து எந்தச் சோகத்தைச் சொன்னாலும் நடுநடுவே கீழேயிருந்து "கிளட்ச்! கிளட்ச்சை மிதிங்க!" என்று ஓர் அலறல் வரும். பலர் திடுக்கிடுவார்கள். அன்று காலை வந்த பெண் மட்டும் சிரித்தாள்.

ஏழாவது மாதம். நாற்காலியில் உட்காரவே ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே வந்த கணவர் அவளுடைய முதுகுக்கு ஒரு தலையணையைச் சொருகினார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்! ஹோட்டல் வேலை என்பது கோட்டைப் பார்த்தாலே தெரிந்தது. மார்புப் பையில் தங்க நூலால் சங்கு ஒன்று. இஸ்திரி மடிப்பில் காய்கறி நறுக்கலாம் போலிருந்தது.

"என் தம்பியைக் கண்டுபிடிக்கணும்" என்றாள் அவள்.

"காணாமப் போய்ட்டாரா?" என்றார் மேடம்.

"இல்ல, நல்லாத்தான் இருக்கான். தினமும் போட்டோ அனுப்பறான். ஆனா எங்க இருக்கான்னு சொல்ல மாட்டேங்கறான்."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரி. எரியாத கடைகள் எரிந்ததாக வந்த கதைகளை இருபது வருடம் கேட்டவர். யாரையும் நம்பாமல் பார்ப்பது அவருக்குச் சுவாசம் மாதிரி. நான் அவருடைய உதவியாளர், வண்டியோட்டி, இன்னும் என்னென்னவோ. எனக்கு அவர் வைத்த பெயர் ஓட்டைவாய். சம்பளத்தை விட அந்தப் பெயர்தான் ஒழுங்காகக் கிடைக்கிறது.

"போலீஸுக்குப் போனீங்களா?"

"போனோம். தம்பி வண்ணத்துப்பூச்சி கணக்கெடுக்கற வேலைல இருக்கான். லீவு போட்டுட்டு ஃப்ரெண்டோட காட்டுக்குள்ள போனான். வரேன்னு சொன்ன நாள்ல வரல. ஃப்ரெண்டுக்குப் போன் போகல. போலீஸ்ல சொன்னேன். காட்டு வாசல்ல ஆளுங்க கயிறு, விளக்கெல்லாம் எடுத்துக்கிட்டுத் தயாரா நின்னாங்க. அப்பப் பார்த்து அவன்கிட்டேருந்து இந்தப் போட்டோ வந்துச்சு. நானே போன் பண்ணி, 'தேட வேண்டாம், உயிரோட இருக்கான்'னு சொன்னேன். சந்தோஷத்துல அழுதுட்டேன். இல்லீங்க?"

கணவர் தலையை ஆட்டினார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் ஆட்டினார்.

"அதுக்கப்புறம் போலீஸ் அசையல. 'வயசுப் பையன், போட்டோ வேற அனுப்பறான், நாங்க என்னம்மா பண்றது?'ங்கறாங்க. எனக்கு இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்கல. இந்தத் தடவை குழந்தை பிறக்கறப்ப அவன் பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

போனை நீட்டினாள். ஒரு மரத்தண்டு. தண்டு நிறையப் பாசி, பட்டை, ஒட்டிக்கொண்ட ஒரு காய்ந்த இலை.

"மரம் நல்லா இருக்கு" என்றேன்.

"அதுல ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கு" என்றாள். "சின்ன வயசுலேருந்து எங்களுக்குள்ள இதான் விளையாட்டு. 'எங்கே இருக்கு, கண்டுபிடி'ன்னு அனுப்புவான். இதுக்குச் சருகுன்னு நாங்களே வெச்ச பேரு. இறக்கையை மூடிட்டா அப்படியே காஞ்ச இலைதான். நடு நரம்பு மாதிரி வாலுலேருந்து இறக்கை நுனி வரைக்கும் ஒரு கோடு. பூஞ்சை பிடிச்ச மாதிரிப் புள்ளிங்க. விரிச்சா உள்ள நீலம், குறுக்கால ஆரஞ்சுப் பட்டை. நான் ஒரு தடவைகூடச் சட்டுனு கண்டுபிடிச்சதில்ல. மணிக்கணக்கா தேடுவேன், அவன் கேலி பண்ணிக்கிட்டே இருப்பான்."

அந்த ஒட்டிக்கொண்ட காய்ந்த இலைதான் பூச்சி! ஓரத்தில் அதைச் சுட்டிக்காட்டும் ஒரு கை. கட்டைவிரலில் நீலக் கட்டம் போட்ட துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தது.

"கைல என்ன, ஃபேஷனா?"

"எப்பவும் எதையாவது கிழிச்சுக்குவான்" என்று சிரித்தாள். "அடுத்தடுத்த போட்டோவையும் பாருங்க. இதெல்லாம் பார்த்த உடனே தெரியுது. தொடர்ந்து நான்தான் ஜெயிக்கறேன்!"

மேடம் நெற்றியில் ஏற்றிவைத்திருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார். அது இறங்கினால் யாருக்கோ கெட்ட காலம்.

"ஜெயிக்கறீங்களா?" என்றார் மெதுவாக.

"கிளட்ச்!" என்றது கீழ்த்தளம்.

அவர்கள் போவதற்குள் மேடம் எல்லாப் படங்களையும் என் போனுக்கு வாங்கி, அவர்கள் போனதும் போனை மேஜைமேல் வைத்தார். பல வருடத்து விளையாட்டுப் படங்களும் இருந்தன. நான் புதுப் படம் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "மேடம், இந்த விளையாட்டு எனக்குக்கூட வருது. இதோ பூச்சி!" என்றேன்.

"போனைத் தலைகீழாப் பிடிச்சிருக்கே, ஓட்டைவாய்."

"எப்படிப் பிடிச்சா என்ன, பழைய படத்துல இருக்கற மாதிரிதானே இருக்கு?"

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. மேடம் போனைப் பிடுங்கினார். பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். மரத்தண்டு, பாறை, வேர். பூச்சி எங்கே உட்கார்ந்திருந்தாலும் தலை கீழே, வால் மேலே. காட்டு வாசலில் ஆட்கள் நின்றபோது வந்த படத்திலும் அப்படித்தான். அதற்குப் பிறகு வந்தவற்றில் மட்டும் பூச்சி தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வால் கிளையைத் தொட்டுக்கொண்டிருந்தது, இலைக்குக் காம்பு இருப்பது போல.

"புதுசா வந்த பூச்சிக்கு மரியாதை தெரிஞ்சிருக்கு" என்றேன்.

"புதுப் படங்கள்ல மொத்தம் எத்தனை பூச்சி இருக்கு, சொல்லு பார்ப்போம்?"

"வேற வேற இடம், வேற வேற..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். மேடத்தின் நகம் இறக்கையில் இருந்த பூஞ்சைப் புள்ளிகளைத் தொட்டுக் காட்டியது. மேலே இரண்டு, கீழே வளைந்த ஒரு கீறல். அடுத்த படத்திலும் அதே இரண்டு, அதே கீறல். பழைய படங்களில் ஒரு பூச்சியின் புள்ளி இன்னொன்றுக்குக் கிடையாது.

"ஒரே ஆளு மேடம்! போஸ் மட்டும் மாத்திக் குடுக்கறான்."

"பக்கத்துல பாரு, பூ. பழைய படத்துல ஒண்ணுலயாவது இது பூவுல இருக்கா? மரத்துல வழியற பிசின்ல இருக்கு, அழுகின பழத்துல இருக்கு. பூவை இது சீண்டறதே இல்ல. காட்டுல தினமும் இதைப் பார்க்கற பையன் இந்தப் படத்தை எடுக்க மாட்டான். எடுத்தாலும் அக்காவை இவ்வளவு சுலபமா ஜெயிக்க விட மாட்டான்."

"அப்ப முதல் படம்?"

"அசல். அதுக்கப்புறம் போன் கை மாறியிருக்கு." மேடம் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "இந்தப் பூச்சி தானா இப்படி உட்காராது. யாரோ உட்கார வெச்சிருக்காங்க."

ஊரில் பூச்சிகளைப் பாடம் பண்ணிப் பெட்டியில் வைத்து விற்பவர் ஒருவர்தான். படத்துக்குச் சட்டம் போடும் கடைக்குப் பின்னால் ஓர் அறை. உள்ளே நுழைந்ததும் பாச்சை உருண்டை வாசனை கண்ணைக் கரித்தது. ஈரத் துணி போட்ட டப்பாவில் காய்ந்த பூச்சிகள் மெதுவாக ஊறிக்கொண்டிருந்தன. ஊறினால்தான் இறக்கை உடையாமல் வளையுமாம். பாடம் பண்ணுபவர் நாங்கள் கேட்காததையும் சொல்லும் ரகம். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

மேடம் படத்தைக் காட்டினார்.

"அட, நம்ம சரக்கு!" என்றார் அவர் பெருமையாக. "இந்தக் கிளை எங்க வீட்டுக் கொல்லைல வெட்டினது. இந்தப் பூ பிளாஸ்டிக்கு."

"காட்டுல இது தலைகீழா இல்ல உட்காருது?"

"அது எனக்குத் தெரியாதாம்மா? ஆரம்பத்துல நானும் ஒழுங்கா தலைகீழாத்தான் வெச்சேன். வாங்கினவன் எல்லாம் திருப்பிக் கொண்டுவந்துட்டான். 'பூச்சியைத் தப்பா ஒட்டிட்டீங்க'ங்கறான். இலைன்னா காம்பு வேணும்னு எல்லாருக்கும் ஒரு நெனப்பு. வாலைக் கிளைல ஒட்டி நிமிர்த்தி வெச்சேன், எல்லாரும் 'ஆகா, அப்படியே இலை'ன்னு தூக்கிட்டுப் போனாங்க. இந்தத் தொழில் பண்ற எல்லாருமே இப்படித்தான் வெப்போம்."

"பூச்சிக்குச் சம்மதமா?" என்றேன்.

"செத்தவங்ககிட்ட யாரு தம்பி சம்மதம் கேக்கறா?"

சிரித்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்தப் பெட்டி யாருக்குப் போச்சு?" என்றார் மேடம்.

"படத்துல கண்ணாடி பளபளப்பு இல்ல, பெட்டியைத் திறந்து எடுத்திருக்காங்க. கதவு வெச்ச பெட்டி ஒண்ணே ஒண்ணுதான் பண்ணேன். உள்ள தூசி தட்டணும், கண்ணாடியைத் திறக்கற மாதிரி வேணும்னு கேட்டாங்க. பெரிய ஹோட்டலு. சங்கு போட்டிருக்குமே, அது."

காலையில் பார்த்த கோட்டுப் பையின் தங்கச் சங்கு எனக்கு நினைவுக்கு வந்தது.

வண்டியில் போகும்போது நான் ஒரு முழு கொலைக் கதையைக் கட்டி முடித்துவிட்டேன். மச்சானைத் தீர்த்துக்கட்டிய மாப்பிள்ளை. தலையணை சொருகும் கொலைகாரன். சொத்துத் தகராறு, இல்லாவிட்டால் பழைய பகை. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

"மேடம், ஏதாவது சொல்லுங்க."

"கொலை பண்ணினவன் துப்பறியறவங்ககிட்ட பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்து உட்காருவானா?"

"அதிபுத்திசாலியா இருந்தா?"

"அவன் கண்ணைப் பார்த்தியா? புத்திசாலியோட கண்ணு இல்ல அது. தூங்காதவனோட கண்ணு."

ஹோட்டல் கூடத்தில் தூணோரம் பெட்டி இருந்தது. கண்ணாடிக்குள் கிளை, பிளாஸ்டிக் பூ. நிமிர்ந்து உட்கார்ந்திருந்த சருகின் இறக்கையில் மேலே இரண்டு புள்ளி, கீழே வளைந்த கீறல். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் கணவர் ஒரு விருந்தாளிக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். நாங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பதையும் பார்த்தார். அந்த விருந்தாளியிடம் "நல்லா ஓய்வெடுங்க சார்" என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்.

"உள்ள போய்ப் பேசலாமா?" என்றார்.

விருந்தாளிகளின் பெட்டி படுக்கை வைக்கும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். கடைசித் தட்டில் ஒரு காட்டுப் பை. மழை புகாத கெட்டித் துணி. விருந்தாளிகள் விட்டுப்போகும் பைகளுக்குப் போடுவது போல அதற்கும் ஓர் அட்டை கட்டியிருந்தார், பெயர் எழுதாமல். பைக்குப் பக்கத்தில் மச்சானுடைய போன் இருந்தது.

"நான் அவனை ஒண்ணும் பண்ணல" என்றார். "அவன் ஃப்ரெண்டுதான் இதை எல்லாம் எடுத்துட்டு வந்தான். அனுமதி இல்லாத பகுதிக்குள்ள போயிருக்காங்க. ஓடையைத் தாண்டறப்ப வெள்ளம் வந்து என் மச்சானை அடிச்சுட்டுப் போயிடுச்சு. நீலக் கட்டம் போட்ட சட்டை தண்ணில உருண்டு போனதைத்தான் கடைசியாப் பார்த்தானாம். மறுநாள் விடிஞ்சதும் தண்ணி வடிஞ்சப்ப பையும் அதுக்குள்ள இருந்த போனும் மட்டும் கிடைச்சிருக்கு. என் கைல குடுத்துட்டு, ஜெயிலுக்குப் பயந்து எங்கேயோ ஓடிட்டான்."

"நீங்க போலீஸுக்குப் போகல."

"போகத்தான் இருந்தேன். போன்ல சார்ஜ் இல்ல. முதல்ல அதைப் போட்டேன். உயிர் வந்ததும் அதுவா கிர்ருனு ஒரு சத்தம். காட்டுல சிக்னல் இல்லாம நின்னுபோன போட்டோ, தானாப் போயிடுச்சு. நான் என்னன்னு பார்க்கறதுக்குள்ள இவ போன் பண்றா. 'உங்க மச்சான் உயிரோட இருக்கான்'னு கத்தறா, சிரிக்கறா, அழறா. வயித்துல குழந்தை உதைக்குதுங்கறா." அவர் பையின் அட்டையைத் திருப்பி வைத்தார். "ரெண்டு குழந்தையைத் துணில சுத்தி என் கைல குடுத்திருக்காங்க மேடம். நான் எப்படிச் சொல்வேன்? இன்னிக்கு ஒரு நாள் போகட்டும்னு நெனச்சேன். மறுநாள் அவ போட்டோவுக்குக் காத்துக்கிட்டிருந்தா. நான் எடுத்தேன். அப்புறம் நிறுத்த முடியல. பிரசவம் வரைக்கும் இழுத்துட்டா போதும்னு..."

எனக்கு வண்டியில் கட்டிய கொலைக் கதையை நினைத்துக் கூச்சமாக இருந்தது. இந்த மனுஷனை என்ன செய்வது? திட்டவும் முடியவில்லை, தட்டிக்கொடுக்கவும் முடியவில்லை.

மேடம் அவரைப் பார்க்கவில்லை. பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க கிடைச்சதுன்னு சொன்னான்?"

"ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு மரத்துல. கிளைல சிக்கியிருந்துச்சாம்."

"எவ்வளவு உயரத்துல?"

"எட்டல, கல்லு மேல ஏறி எடுத்தேன்னு சொன்னான்."

"வெள்ளம் அவ்வளவு உயரம் வந்திருந்தா அந்த ஃப்ரெண்டு உயிரோட வந்து உங்ககிட்ட கதை சொல்லியிருக்க மாட்டான்" என்றார் மேடம். "வார்ல சேறு இல்ல. ஒரு தழை சிக்கல. கொக்கியைப் போட்டு வாரை இறுக்கி விட்டிருக்கு. இது சிக்கின பை இல்ல. மாட்டின பை."

கணவர் புரியாமல் விழித்தார். எனக்குள் ஏதோ ஒன்று மெதுவாகத் திறந்தது. திறக்காமலே இருந்திருக்கலாம்.

"மேடம்" என்றேன். "அந்த முதல் போட்டோ. கட்டைவிரல் கட்டு. நீலக் கட்டம் போட்ட துணி."

கணவர் மச்சானின் போனை எடுத்துப் படத்தைத் திறந்தார். விரலால் பெரிதாக்கினார். தண்ணீரில் உருண்டு போன சட்டை அவனுடைய விரலில் சுற்றியிருந்தது. கரையேறியிருக்கிறான். சட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டிருக்கிறான். பக்கத்து மரத்தில் சருகைப் பார்த்ததும் காயத்தை மறந்து அக்காவுக்குப் படம் எடுத்திருக்கிறான்.

"அப்ப... அவன்..."

"வெள்ளத்துல சாகல" என்றார் மேடம். "எதிர்க்கரைல இருக்கற ஃப்ரெண்டு கண்ணுல படட்டும்னு, சார்ஜ் தீர்ந்த போனையும் உள்ள போட்டுப் பையை உயரத்துல மாட்டிட்டு, தாண்டறதுக்கு இடம் தேடி மேல நடந்திருக்கான். அந்த நேரத்துல அந்த ஃப்ரெண்டு வந்து பையை எடுத்துட்டு ஓடிட்டான்."

"திரும்பி வந்து பார்த்தா பை இருக்காதே! பயந்து போயிருப்பானே!"

மேடம் பையை மெதுவாகத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

"பயப்பட மாட்டான்" என்றார். "பை இல்லன்னா ஃப்ரெண்டு பார்த்துட்டான், எடுத்துட்டுப் போயிருக்கான், ஆள் கூட்டிட்டு வரப்போறான்னு நெனப்பான். இடத்தை விட்டு நகராம அந்த மரத்தடியிலேயே காத்திருப்பான்."

கணவர் பைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். இஸ்திரி மடிப்பெல்லாம் கசங்கியது. நான் நாட்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு கை போதவில்லை. காட்டு வாசலில் கயிறோடும் விளக்கோடும் நின்றவர்களை எந்தப் படம் திருப்பி அனுப்பியதோ, அதே படம்தான் அவன் உயிரோடு இருந்ததற்குச் சாட்சி.

மேடம் போலீஸுக்குப் போன் போட்டார். ஓடை, மரம், பை என்று வரிசையாகச் சொன்னார். மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது.

"மேடம், நேத்துகூட அந்தம்மா வந்து புதுப் போட்டோ காட்டினாங்களே?"

"அது இங்கேருந்து எடுத்தது. ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். இப்பவே கிளம்புங்க."

"மலைல காலைலேருந்து மழை. ஓடைல இறங்க முடியாது. தண்ணி வடியட்டும், பார்க்கலாம்."

மேடம் கத்தினார். கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. கடைசியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். குற்றவாளியைப் பிடித்துவிட்டோம். பிடித்து என்ன செய்ய? கைது செய்ய வேண்டிய அளவு கெட்டவன் யாருமே இந்தக் கதையில் இல்லை.

"வண்டியை எடு" என்றார் என்னிடம். "காட்டு வாசல் வரைக்குமாவது போவோம்."

"போய்?"

"தெரியல."

தரையில் கிடந்த மச்சானின் போன் கிர்ரென்று அதிர்ந்தது. கணவர் அதைத் தொடவில்லை. தொட்டால் சுட்டுவிடும் என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் எடுத்தேன். காலையில் அவர் அனுப்பிய படத்துக்கு அவருடைய மனைவி பதில் போட்டிருந்தாள்.

"இன்னிக்கும் நான்தான் ஜெயிச்சேன். அக்காவுக்கு விட்டுக்குடுத்தது போதும்டா. வீட்டுக்கு வா."